ரப்பர் குளத்து ஷீட்டை இணைப்பதும் பழுதுபார்ப்பதும்: முழுமையான வழிகாட்டி

தோட்டக் குளத்துக்கு விரிக்கும் ரப்பர் ஷீட், ஒழுங்காக விரித்தால் இருபது வருஷத்துக்கு மேல் உழைக்கும். அது ஒழுகும்போது நடு ஷீட்டில் ஒழுகுவது குறைவு. இரண்டு துண்டுகளைச் சேர்த்த இடம், குழாய் நுழையும் இடம், முன்பு யாரோ அவசரத்தில் ஒட்டுப் போட்ட இடம், இந்த மூன்றில்தான் தண்ணீர் வழி கண்டுபிடிக்கிறது. பிரிந்துபோன ஒட்டு ஒன்றை உரித்துப் பார்த்தால் காரணமும் தெரிந்துவிடும். டேப்பின் ஒட்டும் பக்கத்தில் மெல்லிய வெள்ளைத் தூளோ, உலர்ந்த பாசியோ அப்படியே படிந்திருக்கும். டேப் ரப்பரைத் தொட்டதே இல்லை, அழுக்கைத்தான் பிடித்துக்கொண்டிருந்தது. ஒட்டுகிற வேலைக்குப் பத்து நிமிஷம், அதற்கு முன் துடைக்கிற வேலைக்கு ஒரு மணி நேரம் என்று கணக்கு வைத்துக்கொண்டு இறங்குங்கள்.

உங்களிடம் இருப்பது ரப்பர்தானா?

"ரப்பர் ஷீட்" என்று கேட்டால் கறுப்பாக இருக்கும் எதையும் கடையில் எடுத்துக் காட்டுவார்கள். பண்ணைக் குட்டைகளில் பரவலாக விரிக்கும் 500 மைக்ரான் ஷீட் எச்.டி.பி.இ. என்ற பிளாஸ்டிக். பயோஃபிளாக் மீன் தொட்டிகளுக்கு வருவது பெரும்பாலும் பி.வி.சி. பூசிய தார்ப்பாய். உண்மையான ரப்பர் ஷீட் ஈ.பி.டி.எம்.; அபூர்வமாகப் பழைய குளங்களில் பியூட்டைல் ரப்பர் இருக்கும்.

ஓரத்தில் விரலளவு துண்டு வெட்டி மூன்று சோதனை செய்யுங்கள். இழுத்தால் ஈ.பி.டி.எம். நன்றாக நீண்டு, விட்டதும் பழைய அளவுக்கே சுருங்கும், எச்.டி.பி.இ. விறைப்பாக இருக்கும், இழுத்தால் நீண்டு அப்படியே நின்றுவிடும். தண்ணீருக்குள் அமுக்கி விட்டால் எச்.டி.பி.இ. மிதக்கும், ரப்பரும் பி.வி.சி.யும் மூழ்கும். கடைசியாக ஓர் ஆணியை இடுக்கியில் பிடித்து அடுப்பில் காய்ச்சித் துண்டின் மேல் வையுங்கள். பிளாஸ்டிக் இளகிக் குழியும், ஆணியை எடுக்கும்போது நூல் நூலாக இழுபடும். ரப்பர் புகையும், கருகும், ஆனால் உருகாது. ஜன்னலைத் திறந்துவைத்துச் செய்யுங்கள், புகை நல்லதல்ல.

இந்த மூன்றாவது சோதனைதான் வேலையின் போக்கைத் தீர்மானிக்கிறது. உருகும் ஷீட்டைச் சூடு காட்டி ஒன்றோடொன்று உருக்கிச் சேர்க்கலாம். எச்.டி.பி.இ.க்கு வெல்டிங் மிஷின் கொண்டுவந்து செய்வது அப்படித்தான். ஈ.பி.டி.எம். ஆலையிலேயே வல்கனைஸ் செய்யப்பட்டது. வெந்த முட்டையை மறுபடி இளக்க முடியாததுபோல அதை இனி உருக்க முடியாது. ஹீட் கன் வைத்து எவ்வளவு காய்ச்சினாலும் கருகுமே தவிர சேராது. இங்கே இனி சொல்வதெல்லாம் ஈ.பி.டி.எம்.முக்கு. பியூட்டைலுக்கும் இதே டேப் முறை பொருந்தும். உங்கள் ஷீட் பிளாஸ்டிக் என்றால் வெல்டிங் செய்பவரைத் தேடுங்கள்.

எந்தப் பசை உதவாது, ஏன்?

ஈ.பி.டி.எம். ரப்பருக்குள் தயாரிப்பின்போதே எண்ணெய் சேர்க்கப்படுகிறது. அதோடு, சுருட்டி வைத்த ஷீட் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளாமல் இருக்க மேலே டால்க் அல்லது அப்பிரகத் தூள் தூவுகிறார்கள். போதாததற்கு, வெயிலையும் தண்ணீரையும் இத்தனை வருஷம் தாங்கவைக்கிற அதே குணம்தான் பசையையும் அண்டவிடாமல் தள்ளுகிறது.

சிலிகான் முதல் வாரம் பார்க்க அழகாக இருக்கும். காய்ந்தபின் ஓரத்தை நகத்தால் தூக்கினால் ஒரே தோலாகக் கழன்று கையோடு வரும். சைக்கிள் கடை சொல்யூஷனும் பஞ்சர் ஒட்டுத் துண்டும் டியூபுக்கானவை, ஈ.பி.டி.எம்.மில் தண்ணீருக்குள் சில வாரங்களில் ஓரம் தூக்கிவிடும். எபாக்சி கல்லாக இறுகும், ஷீட் அடியில் அசையும்போது விட்டுப்போகும். நொடியில் ஒட்டும் பசையும் அப்படியே. பி.வி.சி. குழாய்ச் சொல்யூஷன் இந்த ரப்பரைத் தொடவே செய்யாது. தார் பூசுவது இவை எல்லாவற்றிலும் மோசம். பெட்ரோலிய எண்ணெய் பட்டால் ஈ.பி.டி.எம். உப்பி மென்மையாகிவிடும், அந்த இடத்தில் அதற்குப்பின் சரியான ஒட்டும் போட முடியாது. மண்ணெண்ணெய், பெட்ரோல், பெயின்ட் தின்னர் கொண்டு துடைப்பதையும் இதே காரணத்துக்காகத் தவிருங்கள்.

நிற்பது ஒரே ஜோடிதான்: ஈ.பி.டி.எம்.முக்கான பிரைமரும், அதற்கு ஏற்ற பியூட்டைல் வகை இருபக்க டேப்பும். பிரைமர் ரப்பரின் நுண்குழிகளுக்குள் இறங்கி ஒட்டும் தளம் ஒன்றை உண்டாக்குகிறது. டேப் முழுதாக இறுகாத மெதுவான ரப்பர். அழுத்தினால் அந்தத் தளத்துக்குள் பிசைந்து இறங்கி, நாளாக நாளாகப் பிடி ஏறும். இரண்டையும் ஒரே தயாரிப்பாளரிடம் வாங்குவது நல்லது.

அளவும் பொருளும்

4 மீட்டர் நீளம், 3 மீட்டர் அகலம், 1 மீட்டர் ஆழம் உள்ள குளத்தை எடுத்துக்கொள்வோம். ஷீட்டின் நீளம் 4 + 1 + 1, அதோடு கரையில் மடித்துப் புதைக்க இரண்டு பக்கமும் 30 செ.மீ.; மொத்தம் 6.6 மீட்டர். அகலம் அதே கணக்கில் 5.6 மீட்டர். ரோல் 3.05 மீட்டர் அகலத்தில் கிடைத்தால், 6.6 மீட்டர் துண்டு இரண்டை 10 செ.மீ. மேல்படிய வைத்துச் சேர்த்தால் 6 மீட்டர் அகலம் வரும். மிச்சம் 40 செ.மீ. வெட்டி எறிய வேண்டாம். பின்னால் ஒட்டுப் போட அதே ஷீட்டின் துண்டைவிடச் சிறந்தது இல்லை.

1 மி.மீ. தடிப்புள்ள ஷீட் சதுர மீட்டருக்குச் சுமார் ஒன்றேகால் கிலோ. இந்தக் குளத்துக்கான ஷீட் ஏறக்குறைய 50 கிலோ வரும் என்பதால் நான்கு பேர் வேண்டும். 0.75 மி.மீ. சிறு தாமரைத் தொட்டிக்குப் போதும். ஆள் இறங்கிச் சுத்தம் செய்யும் குளத்துக்கு 1 மி.மீ.க்குக் குறையாமல் வாங்குங்கள். மீன் விடுவதாக இருந்தால் கூரைக்கான ஷீட்டா, குளத்துக்கான ஷீட்டா என்று கேட்டு வாங்க வேண்டும். கூரைக்கு வருவனவற்றில் தீ தடுக்கும் பொருள்களும் பாசி வளராமல் தடுக்கும் மருந்தும் சேர்த்திருக்கலாம்.

6.6 மீட்டர் இணைப்புக்குத் தேவையானவை:

- 75 மி.மீ. அகல இருபக்க டேப், 7.5 மீட்டர்
- பிரைமர் அரை லிட்டர். ஒரு லிட்டர் சுமார் 5 சதுர மீட்டருக்கு வரும். இரண்டு பக்கமும் 10 செ.மீ. பட்டை பூசினால் 1.3 சதுர மீட்டர்தான். வீணாவதையும் ஒட்டுகளையும் சேர்த்து அரை லிட்டர்
- அசிட்டோன் அல்லது ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் 1 லிட்டர்
- பழைய வெள்ளைப் பருத்தி வேட்டி ஒன்று, கைக்குட்டை அளவுத் துண்டுகளாகக் கிழித்தது. வெள்ளையில்தான் அழுக்கு தெரியும். பனியன் துணியில் பஞ்சு பிரிந்து ஒட்டும்
- பிரைமர் பூசப் புதிய பச்சை ஸ்கிரப்பர் நான்கு
- 40 முதல் 50 மி.மீ. அகலமுள்ள ரப்பர் அல்லது இரும்புக் கை ரோலர்
- ஈ.பி.டி.எம். ஓரத்துக்கான சீலன்ட் ஒரு கார்ட்ரிட்ஜ்
- 150 மி.மீ. அகல மேல்ஒட்டுப் பட்டை (ஒரு பக்கம் மட்டும் ஒட்டும் ரப்பர்ப் பட்டை) ஒரு மீட்டர்
- இணைப்புக்கு அடியில் வைக்கத் தட்டையான பிளைவுட் பலகை
- நைட்ரைல் கையுறை, கூர்மையான கத்தரி, வெள்ளைப் பென்சில்

சாக்பீஸ் வேண்டாம், அதன் தூளே ஓர் அழுக்கு. ரோலருக்குப் பதில் சப்பாத்திக் கட்டையும் வேண்டாம். அது நீளமானது என்பதால் கையின் அழுத்தம் பரவி எங்குமே போதாமல் போகும். குறுகிய ரோலர் ஓர் இடத்தில் முழு அழுத்தத்தையும் இறக்கும்.

டேப் வாங்கும்போது தயாரித்த தேதியைப் பாருங்கள். நல்ல இடத்தில் வைத்திருந்தால் சுமார் ஒரு வருஷம் தாங்கும். தகரக் கூரைக் கிடங்கில் இரண்டு கோடையைக் கழித்த டேப்பில் காகிதம் உரியாமல் கிழிந்துகொண்டே வரும். அதை வாங்காதீர்கள்.

நேரம் பார்த்து இறங்குங்கள்

சமவெளியில் வெயில்தான் தொல்லை. உச்சி வேளையில் கறுப்பு ஷீட்டின் மேல் கை வைக்க முடியாது. அந்தச் சூட்டில் பிரைமர் உள்ளே இறங்குவதற்குள் மேலே தோல் கட்டிவிடும். பனி காய்ந்தபின் காலை எட்டரையிலிருந்து பத்தரை வரை, இல்லாவிட்டால் நான்கு மணிக்கு மேல். மார்கழி, தை மாதங்களில் ஷீட்டின் மேல் பனி கண்ணுக்குத் தெரியாத ஈரமாகப் படிந்திருக்கும். புறங்கையை வைத்துப் பார்த்தால் குளிர்ச்சியில் தெரியும். ஊட்டி, கொடைக்கானல் பக்கம் குளிரில் பிரைமர் காயவே நேரமாகும், அங்கே நடுப்பகல்தான் சரி. கடலோரத்தில் புழுக்கமான நாளில் பிரைமர் ஆவியாகும்போது ஷீட் குளிர்ந்து அதன் மேலேயே வியர்க்கும். அப்படி வியர்ப்பதைக் கண்டால் அன்றைக்கு வேலையை நிறுத்திவிடுங்கள்.

அசிட்டோனும் பிரைமரும் எளிதில் தீப்பிடிப்பவை. பக்கத்தில் பீடி, சிகரெட், அடுப்பு கூடாது. குழிக்குள் இறங்கி வேலை செய்யும்போது ஆவி கீழே தங்கும், எனவே காற்றோட்டம் இருக்க வேண்டும். தனி ஆளாக இறங்க வேண்டாம்.

இணைப்பு: படிப்படியாக

இணைப்பைக் குளத்துக்கு வெளியே சமதரையில் செய்து, பிறகு ஷீட்டைக் குழிக்குள் இறக்குங்கள். குழிக்குள் சரிவில் வைத்து ஒட்டினால் ரோலருக்கு அடியில் தாங்கல் இருக்காது.

1. இரண்டு துண்டுகளையும் விரித்துக் குறைந்தது அரை மணி நேரம் அப்படியே விடுங்கள். சுருளில் இருந்த இறுக்கம் தளர வேண்டும். அவசரப்பட்டு ஒட்டினால் அந்த இறுக்கம் பிறகு இணைப்பை இழுக்கும்.

2. மேல் துண்டு கீழ்த் துண்டின் மேல் 10 செ.மீ. படியுமாறு வையுங்கள். மேல் துண்டின் விளிம்புக்கு வெளியே 10 மி.மீ. தள்ளி, கீழ்த் துண்டில் பென்சிலால் நீளக் கோடு போடுங்கள். டேப்பின் ஓரம் இந்தக் கோட்டில்தான் நிற்க வேண்டும். பிறகு மேல் துண்டை அரை மீட்டர் பின்னுக்கு மடித்து விடுங்கள்.

3. ஒட்டப்போகும் இரண்டு முகங்களையும் சுத்தம் செய்யுங்கள். முதலில் உலர்ந்த பிரஷ். அடுத்து நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணி, நன்றாக உலர விடுதல். அதன்பின் அசிட்டோன் துணி. முன்னும் பின்னும் தேய்க்காமல் ஒரே திசையில் துடைத்து, ஒவ்வொரு மீட்டருக்கும் துணியின் புதுப் பக்கத்தைத் திருப்புங்கள். பழைய பக்கத்தாலேயே துடைத்தால் தூள் இடம் மாறுமே தவிர போகாது. துணியில் சாம்பல் வெள்ளையாகத் தூள் வருவது நிற்கும்வரை துடைப்பதை நிறுத்தாதீர்கள். லேசான கறுப்பு மட்டும் வந்தால் அது ரப்பரின் நிறம், கவலை இல்லை. ஷீட் கோடு கோடாக இல்லாமல் ஒரே மங்கல் கறுப்பாகத் தெரிய வேண்டும்.

4. பிரைமரை நன்றாகக் குலுக்கிக் கலக்கி, ஸ்கிரப்பரில் தொட்டு இரண்டு முகங்களிலும் தேய்த்துப் பூசுங்கள். பெயின்ட் பிரஷ்ஷால் தடவுவது போதாது; ஸ்கிரப்பரின் உராய்வுதான் மிச்ச அழுக்கையும் கிளப்பிப் பிரைமரை உள்ளே ஏற்றுகிறது. மெல்லியதாக, தேங்காமல், டேப்பைவிட ஒன்றிரண்டு செ.மீ. அகலமாக இருக்கட்டும்.

5. காயும்வரை பொறுங்கள், பொதுவாக ஐந்து முதல் பத்து நிமிஷம். சுத்தமான விரலால் தொட்டுப் பாருங்கள். நூல் இழுபடக் கூடாது. விரலை வைத்து லேசாக முன்னால் தள்ளிப் பாருங்கள். பிரைமர் அடியில் நகர்ந்தால் மேலே மட்டும்தான் காய்ந்திருக்கிறது. ஈரமான பிரைமரின் மேல் ஒட்டினால் ஆவி உள்ளே அடைபட்டுக் கொப்புளம் கட்டும். மிகவும் தாமதித்துத் தூசி படிந்துவிட்டால் மறுபடி மெல்லியதாகப் பூச வேண்டும்.

6. டேப்பைக் காகிதம் மேலே இருக்கும்படி கோட்டை ஒட்டிக் கீழ்த் துண்டில் பதியுங்கள். இழுத்து ஒட்டாதீர்கள், இழுத்த டேப் மெல்லத் திரும்பச் சுருங்கும். கையால் அழுத்தி, காகிதத்தின் மேலேயே ஒருமுறை ரோலர் ஓட்டுங்கள். டேப்பின் நடுவில் புதிய துண்டு தொடங்கினால் 25 மி.மீ. மேல்படிய விட்டு, அந்த இடத்தைப் பென்சிலால் குறித்துவையுங்கள்.

7. மேல் துண்டைக் காகிதத்தின் மேல் படுக்க வையுங்கள். அதன் விளிம்புக்கு வெளியே டேப் 3 முதல் 12 மி.மீ. வரை தெரிய வேண்டும். டேப் உள்ளே மறைந்தால் விளிம்பு ஒட்டாமல் தொங்கும், அழுக்கும் தண்ணீரும் அங்கிருந்துதான் நுழையும்.

8. இருவர் சேர்ந்து செய்ய வேண்டிய படி இது. ஒருவர் காகிதத்தை ஷீட்டோடு படிந்தவாறு, சாய்வாக மெதுவாக உருவ வேண்டும். மற்றவர் பின்னாலேயே வந்து உள்ளங்கையால் ஷீட்டை இறக்கி அமர்த்த வேண்டும். ஒருமுறை பட்டுவிட்டால் தூக்கித் திருத்த முடியாது.

9. ரோலரை முதலில் இணைப்புக்குக் குறுக்கே, உள்ளிருந்து விளிம்பை நோக்கி ஓட்டுங்கள், காற்று வெளியேறட்டும். பிறகு நீளவாக்கில். உடல் எடை தோள் வழியாக இறங்கும் அளவுக்கு அழுத்தம் வேண்டும்.

10. விளிம்பு நெடுகச் சுத்தம் செய்து, சீலன்ட்டை ஒரு சுண்டுவிரல் அளவுக்கு ஓட்டுங்கள். டேப் தொடர் விட்ட இடங்களிலும், ஷீட்டை வெட்டிய இடங்களிலும் கட்டாயம்.

இருபத்து நான்கு மணி நேரம் கழித்துத்தான் ஷீட்டை மடிக்கவோ தூக்கவோ வேண்டும். தூக்கும்போது இழுக்காமல், சேலையைக் கொசுவுவதுபோல மடித்து நான்கு பேர் சேர்ந்து குழிக்குள் கொண்டுபோய் விரியுங்கள். இணைப்பு சுவரின் சரிவில் மேலிருந்து கீழாக ஓடினால் நல்லது. சுவரும் தரையும் சேரும் மடிப்பின் நெடுக அதை வைத்தால் தண்ணீரின் எடை முழுவதும் அதை இழுத்துப் பிரிக்கும்.

முதல்முறை செய்பவர்கள் உண்மையான இணைப்புக்கு முன் 30 செ.மீ. மாதிரி ஒன்று செய்து, மறுநாள் உரித்துப் பாருங்கள். டேப் நடுவில் கிழிந்து இரண்டு ஷீட்டிலும் கறுப்பாக ஒட்டியிருந்தால் உங்கள் சுத்தமும் பிரைமரும் சரி. ஒரு பக்கம் பளிச்சென்று விட்டு டேப் முழுவதும் மறு பக்கமே போய்விட்டால், விட்ட பக்கம் அழுக்காகவோ ஈரமாகவோ இருந்திருக்கிறது. இந்த மாதிரிக்குச் செலவாகும் டேப்பைக் கணக்குப் பார்க்காதீர்கள்.

சுருக்கமும் மூன்று ஷீட் சேரும் இடமும்

எவ்வளவு கவனமாகச் செய்தாலும் விளிம்பில் எங்காவது மீன் வாயைப் பிளந்ததுபோல ஒரு சுருக்கம் நிற்கும். அதை அமுக்கி ரோலர் ஓட்டினால் படிந்ததுபோலத் தெரியும், மறுநாள் திறந்துவிடும். சுருக்கத்தின் முகட்டைக் கத்தரியால் வெட்டி, இரண்டு உதடுகளையும் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிய வைத்து, சுற்றிலும் 75 மி.மீ. வெளியே வரும்படி மேல்ஒட்டுப் பட்டையால் மூடுங்கள்.

மூன்று துண்டுகள் சேரும் இடத்தில் ஷீட்டின் தடிப்பு ஒரு சிறு படிக்கட்டை உண்டாக்கும். அந்தப் படியின் ஓரத்தில் ஊசி நுழையும் அளவுக்கு ஒரு குழல் நீளமாக இருக்கும். கண்ணுக்குத் தெரியாது, ஆனால் வருஷக்கணக்கில் ஒழுகிய குளங்களைப் பிரித்துப் பார்த்தால் இங்கேதான் வழி இருக்கும். அந்தக் குழலைச் சீலன்ட்டால் நிரப்பி, மேலே 15 செ.மீ. சதுர மேல்ஒட்டுத் துண்டு போட்டு, ரோலரின் முனையால் படியின் ஓரத்தை அழுத்தி அமர்த்துங்கள்.

ஒழுகும் குளத்தில் ஓட்டையைத் தேடுதல்

குளத்தை வடிக்கும் முன் அது ஒழுகுகிறதா என்பதையே முதலில் உறுதிசெய்யுங்கள். கோடையில் சமவெளியில் நாளொன்றுக்கு 6 முதல் 8 மி.மீ. வரை ஆவியாகவே போகும். காற்றும் அருவியும் இருந்தால் இன்னும் கூடும். மேலே சொன்ன குளத்தில் 1 செ.மீ. குறைந்தால் 120 லிட்டர் போய்விட்டது என்று பொருள். கேட்கப் பெரிதாக இருந்தாலும் சித்திரை வெயிலில் இரண்டு நாளில் இது இயல்பு.

ஒரு வாளியில் குளத்துத் தண்ணீரை நிரப்பி, குளத்துக்குள்ளேயே ஒரு கல்லின் மேல், விளிம்பு தண்ணீருக்கு வெளியே இருக்கும்படி நிறுத்துங்கள். வாளியின் உள்ளேயும் குளத்தின் கரையிலும் தண்ணீர் மட்டத்தைக் குறியுங்கள். மோட்டாரை நிறுத்திவிட்டு இரண்டு நாள் விடுங்கள். இரண்டும் ஒரே அளவு குறைந்தால் ஷீட் நன்றாக இருக்கிறது. மோட்டார் ஓடும்போது மட்டும் குறைகிறதென்றால் அருவியின் ஓரத்தையும் குழாய் இணைப்புகளையும் பாருங்கள், ஷீட்டைத் தொட வேண்டாம்.

குளம் மட்டும் அதிகமாகக் குறைந்தால் கரையைச் சுற்றி வாருங்கள். மேஸ்திரிகள் வைத்திருக்கும் டியூப் லெவலைப் பிடித்துப் பார்த்தால் எங்காவது கரை இரண்டு விரல் தணிந்திருப்பது தெரியும். கரையில் ஷீட்டின் மேல் மண் சரிந்து தண்ணீரைத் தொட்டாலும், புல்லின் வேர் உள்ளே தொங்கினாலும் அது விளக்குத் திரிபோலத் தண்ணீரை உறிஞ்சி வெளியே கொண்டுபோகும். இதைச் சரிசெய்யப் பசையே வேண்டாம்.

கரை சரியாக இருந்தால் தண்ணீர் விடுவதை நிறுத்திப் பொறுத்திருங்கள். மட்டம் ஓர் இடத்துக்கு வந்து நின்றுவிடும். ஓட்டை அந்த மட்டத்தில்தான் இருக்கிறது. குளத்தைச் சுற்றி அந்தக் கோட்டுக்கு மேலும் கீழும் ஒரு சாண் அகலத்தைப் பாசி நீக்கி, விரலால் தடவிப் பாருங்கள். ஊசி போடும் சிரிஞ்சில் சில துளி பாலோ உணவுச் சாயமோ எடுத்து, தண்ணீர் அசையாத நேரத்தில் ஷீட்டை ஒட்டி விடுங்கள். மற்ற இடங்களில் அது புகைபோலத் தொங்கி நிற்கும். ஓட்டைக்குப் பக்கத்தில் மெல்லிய இழையாகி ஷீட்டை நோக்கிச் சாய்ந்து போகும். சில துளிகளுக்கு மேல் பால் விடாதீர்கள், அது அழுகி மீனுக்கு வேண்டிய காற்றைக் குறைத்துவிடும்.

மட்டம் தரைவரை இறங்கிக்கொண்டே போனால் ஓட்டை அடியில் இருக்கிறது. மீன்களைப் பழைய தண்ணீரோடு நிழலில் உள்ள தொட்டிக்கு மாற்றி, காற்று மோட்டார் போட்டுவிட்டு, குளத்தை வடியுங்கள். சேற்றை மண்வெட்டியால் வாராதீர்கள், பிளாஸ்டிக் முறம் போதும்.

ஒட்டுப் போடுதல்

ஓட்டை எதனால் விழுந்தது என்று பார்க்காமல் மூடக் கூடாது. அடியில் கூர்மையான கல் இருந்தால் விரலால் தடவும்போதே முட்டும். ஓட்டையைக் கத்தரியால் விரல் நுழையும் அளவுக்குத் திறந்து, கல்லை எடுத்து, அந்தக் குழியில் மணல் நிரப்புங்கள். துணிந்து வெட்டலாம், மேலே வரப்போகும் ஒட்டு எப்படியும் பெரியது. அடி மண் ஈரமாக இருந்து ஓட்டை வழியாகத் தண்ணீர் கசிந்துகொண்டே இருந்தால், ஒரு பாலிதீன் துண்டைச் சுருட்டி உள்ளே நுழைத்து ஷீட்டுக்கு அடியில் விரித்துவிடுங்கள். ஒட்டுப் போட்டு முடியும்வரை மேல் முகம் உலர்ந்திருக்கும்.

ஒட்டின் அளவு ஓட்டையின் ஓரத்திலிருந்து எல்லாப் பக்கமும் குறைந்தது 75 மி.மீ. ஊசி முனை ஓட்டைக்கும் 15 செ.மீ. சதுரம்தான். மூலைகளைக் கூராக விடாமல் பத்து ரூபாய் நாணயத்தை வைத்து வளைத்து வெட்டுங்கள். தூக்கத் தொடங்குவது எப்போதும் கூர் மூலைதான். நீளக் கிழிசலின் இரண்டு முனைகளையும் சிறிய வட்டமாக வெட்டிவிட்டால் கிழிசல் மேற்கொண்டு ஓடாது. கிழிசல் நீளமாக இருந்தால் துண்டு துண்டாக ஒட்டாமல் 150 மி.மீ. பட்டையை ஒரே நீளமாகப் போடுங்கள்.

பழைய ஷீட்டின் சுத்தம் புது ஷீட்டைவிடக் கடினம். பாசியை நைலான் பிரஷ்ஷால் தண்ணீர் விட்டுத் தேய்த்துக் கழுவி, குறைந்தது ஒரு மணி நேரம் வெயிலில் காயவிட்டு, பிறகு அசிட்டோன். முன்பு யாராவது சிலிகான் பூசியிருந்தால் அதன் மேல் எதுவும் பிடிக்காது. முழுவதும் சுரண்டி எடுங்கள். எடுத்தபின்னும் சந்தேகம் இருந்தால் அந்த இடத்தைத் தாண்டி நல்ல ரப்பரில் முடியும் அளவுக்குப் பெரிய ஒட்டாக வெட்டுங்கள். மற்றபடி பிரைமர், காயும் சோதனை, டேப், ரோலர், ஓரத்தில் சீலன்ட் எல்லாம் இணைப்புக்குச் சொன்னதுபோலத்தான். ரோலரை ஒட்டின் நடுவிலிருந்து ஓரத்துக்கு ஓட்டுங்கள்.

குழாய் நுழையும் இடம்

முடிந்தால் ஷீட்டைத் துளைக்காமல் குழாயைக் கரைக்கு மேலாகக் கொண்டுவந்துவிடுங்கள். துளைத்தே ஆக வேண்டும் என்றால் இரண்டு பக்கமும் ரப்பர் வாஷர் உள்ள டேங்க் நிப்பிள் போடுங்கள். ஷீட்டில் குழாயின் விட்டத்தைவிடச் சிறிய வட்டம் வெட்டி, ரப்பரை இழுத்து நுழையுங்கள். பெரிதாக வெட்டினால் வாஷருக்குப் பிடிக்க ரப்பர் இருக்காது. நட்டைக் கையால் இறுக்கி, அதற்கு மேல் அரைச் சுற்று மட்டும் ஸ்பேனர். அளவுக்கு மீறி இறுக்கினால் வாஷரின் கீழ் ஷீட் பிதுங்கிச் சுருங்கும். நிப்பிள் சமதளத்தில், அசையாத கான்கிரீட் அல்லது செங்கல் தாங்கலின் மேல் இருக்க வேண்டும். மண் இறங்கும்போது குழாய் தொங்கினால் எந்த வாஷரும் நிற்காது.

அடைமழையில் ஒழுகினால்

ஐப்பசி, கார்த்திகையில் குளத்தை வடிக்காதீர்கள். வடகிழக்குப் பருவமழையில் நிலத்தடி நீர் ஏறும். குளம் காலியானால் அந்த நீர் ஷீட்டை அடியிலிருந்து பலூன்போலத் தூக்கிவிடும், மறுபடி அது தன் இடத்தில் சீராக அமராது. தண்ணீருக்குள்ளேயே ஒட்டும் ஹைபிரிட் பாலிமர் சீலன்ட் கிடைக்கிறது. பாசியைத் தேய்த்து நீக்கி, ஒரு ரப்பர்த் துண்டின் மேல் தாராளமாகப் பிதுக்கி, ஓட்டையின் மேல் அமுக்கி, மேலே மண் மூட்டையோ வழுவழுப்பான கல்லோ வைத்து ஒரு நாள் விடுங்கள். இது தை பிறக்கும்வரை தாங்கினால் போதும். வறண்ட பிறகு அதைச் சுரண்டி எடுத்துவிட்டு முறையான ஒட்டுப் போட வேண்டும்.

மறுபடி மறுபடி ஓட்டை விழுந்தால்

அப்போது குற்றம் ஷீட்டின் அடியில். பெருச்சாளி வளை, மூங்கில் வேர், கோரை முளை மூன்றும் முக்கியமானவை. கோரைக்கிழங்கின் முளை ஊசிபோன்றது, பிளாஸ்டிக்கை எளிதில் குத்தி வெளியே வரும். விரிப்பதற்கு முன் கிழங்கோடு தோண்டி எடுப்பதுதான் வழி. அடியில் 5 செ.மீ. சலித்த மணலும், அதன் மேல் சதுர மீட்டருக்கு 200 முதல் 300 கிராம் எடையுள்ள ஜியோடெக்ஸ்டைல் துணியும் போடுங்கள். சாக்குப் பையை விரிப்பவர்கள் நிறைய. அது மக்கும், கரையான் அரிக்கும், இரண்டு வருஷத்தில் ஷீட் வெறும் கல்லின் மேல் கிடக்கும்.

தண்ணீர் விடுதல்

கடைசி ஒட்டுப் போட்டு இருபத்து நான்கு மணி நேரம் கழித்து ஷீட்டை ஒருமுறை கழுவி, அந்தத் தண்ணீரை வெளியேற்றுங்கள். நிரப்பும்போது ஒரு சாண் ஏறியதும் நிறுத்தி, வெறுங்காலோடு உள்ளே இறங்கிச் சுருக்கங்களைக் கரைப் பக்கம் தள்ளிவிடுங்கள். ஆழம் ஏறியபின் ஷீட் நகராது. கரை விளிம்பை நிரம்பிய பிறகே வெட்டவும் புதைக்கவும் வேண்டும். மறுபடி வாளிச் சோதனையை இரண்டு நாள் வைத்து, இரண்டு மட்டமும் ஒத்துப்போனபின், குளோரின் நீங்கிய தண்ணீர்தான் என்று உறுதிசெய்து மீன்களைத் திருப்பி விடலாம்.

மிச்சமான டேப்பைக் காகிதத்தோடு சுற்றி, வீட்டுக்குள் குளிர்ந்த அலமாரியில் தேதி எழுதி வையுங்கள். பிரைமர் டின்னின் மூடி இறுகியிருக்க வேண்டும். அடுத்தமுறை திறக்கும்போது கட்டியாகத் திரண்டிருந்தால் தின்னர் ஊற்றிக் கரைக்க முயலாமல் புது டின் வாங்குங்கள்.